நம் காலத்தில் வந்த படங்களை வரிசைப்படுத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு ரொம்பப் பிடித்த பத்துப் படங்களை வரிசைப்படுத்தித் தெரிந்தவர்களுக்கு அனுப்பிவைத்ததிலிருந்து ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், கீழக்கரை என்று எல்லாப் பக்கமும் இருந்து கேள்விதான். சிலர் நிஜமாகவே விவரம் கேட்கிறார்கள், பலர் சண்டைக்கு வருகிறார்கள். ஆளாளுக்குத் தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை, அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

முதலில் அந்தப் பத்து. இது தெரிந்தால்தான் கேள்விகள் புரியும். கரகாட்டக்காரன் (1989), நாயகன் (1987), அன்பே சிவம் (2003), தேவர் மகன் (1992), நந்தா (2001), பரியேறும் பெருமாள் (2018), பாட்ஷா (1995), சுப்ரமணியபுரம் (2008), காக்கா முட்டை (2015), கன்னத்தில் முத்தமிட்டால் (2002). இதே வரிசைதான், மாற்றிப் படிக்க வேண்டாம். நான் பிறந்தது 1984.

விதி என்று ஏதாவது உண்டா?

ஒன்றே ஒன்று. படத்தின் முதல் வெளியீடு நீங்கள் பிறந்த பிறகு இருக்க வேண்டும். மொழி, நடிகர், ஓடியதா ஓடவில்லையா, விருது வாங்கியதா, எதுவும் கணக்கில் இல்லை.

அப்படியானால் தில்லானா மோகனாம்பாள், முள்ளும் மலரும் எல்லாம் வெளியே போய்விடுமே, அநியாயமாக இல்லையா?

எனக்கு வெளியேதான். ஒன்று 1968, இன்னொன்று 1978. மூன்றாம் பிறை 1982, இரண்டே வருஷத்தில் தப்பிப்போனது, அதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் விதி வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. பழைய படங்கள் நம்மிடம் வரும்போதே தீர்ப்போடு வந்துவிடுகின்றன. தில்லானா மோகனாம்பாளை நான் முதல் தடவை பார்ப்பதற்கு எத்தனையோ வருஷம் முன்பே அது நல்ல படம் என்று எங்கள் வீட்டில் முடிவாகியிருந்தது. சிவாஜி நாதஸ்வரத்தை வாயில் வைத்துவிட்டால் யாரும் மூச்சு விடக்கூடாது, மீறினால் அத்தை அதட்டுவார். அந்த வீட்டில் வளர்ந்தவன் அந்தப் படம் எனக்குப் பிடிக்கும் என்று சொன்னால், அதில் என் பங்கு எவ்வளவு, அத்தையின் பங்கு எவ்வளவு?

சுப்ரமணியபுரம் அப்படி வரவில்லை. 2008 ஜூலையில் வந்தபோது சசிகுமார் யாரென்றே எங்களுக்குத் தெரியாது. போஸ்டரில் தாடியும் பெல்பாட்டமும் பார்த்துவிட்டு உள்ளே போனோம், வெளியே வந்தபோது கூட வந்தவன் ஒருவன் டீக்கடை வரைக்கும் வாயே திறக்கவில்லை. நாமே பார்த்து நாமே முடிவு செய்த படங்களை மட்டும் வைத்துக்கொண்டு பேசலாம் என்பதற்குத்தான் இந்த விதி.

சித்தப்பா, நான் 2006-ல் பிறந்தேன், எனக்குப் பாட்ஷா கிடையாதா?

கிடையாது பாப்பா. உனக்கும் எனக்கும் ஒரே சட்டம்தான். உனக்கு ஆடுகளம் இருக்கிறது, ஆரண்ய காண்டம் இருக்கிறது, சூப்பர் டீலக்ஸ் இருக்கிறது, அதற்குள்ளே சண்டை போடு. (இவள் கடைசியில் 96-ஐ முதலிடத்தில் வைத்தாள். அந்தப் படம் 2018-ல் வந்தபோது இவளுக்குப் பன்னிரண்டு வயது, பள்ளிக்கூடக் காதலைப் பற்றி அதற்குள் என்ன ஏக்கம் என்று அவள் அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.)

படம் வந்தபோது எனக்கு மூன்று வயது. பிறகு டிவியில்தான் பார்த்தேன். செல்லுமா?

தாராளமாகச் செல்லும். நாயகன் 1987 தீபாவளிக்கு வந்தபோது எனக்கும் மூன்று வயதுதான். எப்போது பார்த்தோம் என்பது கேள்வியே இல்லை, எப்போது வந்தது என்பதுதான். தியேட்டரில் முதல் நாள் பார்த்ததை மட்டும்தான் சேர்க்கலாம் என்றால் நம் கடற்கரையில் பாதிப் பேருக்குப் பட்டியலே தேறாது.

இங்கே படம் வந்து சேர்ந்த வழியே வேறு. அப்பா தலைமுறைக்குப் படம் என்றால் முதலில் காது. இலங்கை வானொலியில் கே.எஸ்.ராஜா மூச்சுவிடாமல் படத்தை விளம்பரப்படுத்துவார், அதைக் கேட்டே கதை சொல்கிற ஆட்கள் ஊருக்கு நாலு பேர் இருந்தார்கள். பி.எச்.அப்துல் ஹமீதின் குரலை இன்றைக்குப் போட்டாலும் எங்கள் பெரியப்பா யாரென்று சொல்லிவிடுவார். அடுத்து ரூபவாகினி. ஆன்டெனாவைத் தெற்கே திருப்பினால் நம் தூர்தர்ஷனைவிட இலங்கைப் படம் தெளிவாக விழுந்த வீடுகள் உண்டு. அப்புறம் டெக், அதாவது கேசட் போட்டுப் படம் காட்டும் வீடியோ பெட்டி. கல்யாணம், காதுகுத்து, வெளிநாட்டிலிருந்து யாராவது வந்தது, எதற்கும் டெக்தான். ராத்திரி முழுக்க மூன்று படம், முதலில் சாமி படமோ எம்.ஜி.ஆர். படமோ பெரியவர்களுக்காக, நடுவில் ரஜினி அல்லது கமல், விடியற்காலைப் படம் முழித்திருப்பவனுக்கு. டிவியைத் திண்ணையில் ஸ்டூல் மேல் ஏற்றி வைப்பார்கள், தெருவே மணலில் உட்காரும். படம் கோடு கோடாக ஓட ஆரம்பித்தால் டெக்காரர் எழுந்து வந்து மூடியைத் திறந்து ஹெட்டைத் துடைப்பார், அதுவரைக்கும் யாரும் இடத்தைவிட்டு நகரமாட்டார்கள், நகர்ந்தால் இடம் போய்விடும். கரகாட்டக்காரனை நான் முதலில் பார்த்தது இப்படித்தான்.

1993-ல் சன் டிவி வந்த பிறகு எல்லா ஊர்க் கதையும் ஒன்றுதான், அதை எழுத வேண்டியதில்லை.

எந்தத் தேதியை வெளியீட்டுத் தேதியாக எடுப்பது?

மக்கள் டிக்கெட் வாங்கிப் பார்க்க முடிந்த முதல் நாள். காக்கா முட்டை 2014-லேயே டொரன்டோ விழாவில் திரையிடப்பட்டது, நமக்கு வந்தது 2015 ஜூனில். விசாரணை 2015-ல் வெனிஸ் போனது, நமக்கு 2016 பிப்ரவரி. வெனிஸில் பார்த்தவர் யாராவது இருந்தால் தனியாகச் சொல்லுங்கள், பேசிக்கொள்ளலாம்.

தியேட்டருக்கே வராமல் நேராகப் போனில் வந்த படங்களும் சேரும். சூரரைப் போற்று (2020), சார்பட்டா பரம்பரை, ஜெய் பீம் (இரண்டும் 2021) மூன்றும் அப்படித்தான். தியேட்டரில் பார்க்காதது சினிமாவே இல்லை என்பவர்கள், டெக்கில் பார்த்ததையெல்லாம் முதலில் வெளியே எடுத்துவிட்டு வந்து பேசட்டும்.

மறுபடி வெளியிட்ட படங்கள்?

கூடாது. 1964-ல் வந்த கர்ணனைப் புதுப்பித்து 2012-ல் வெளியிட்டார்கள், நன்றாகவே ஓடியது, நானும் பார்த்தேன், மலைத்துப்போனேன். இருந்தாலும் அது 1964 படம்தான். கில்லி 2024-ல் மறுபடி வந்து கூட்டத்தை அள்ளியது, அதுவும் 2004 கணக்குதான்.

எல்லாமே பிடித்திருக்கிறது. எப்படி வரிசைப்படுத்துவது?

பத்தையும் ஒன்றாகப் பார்த்தால் கடைசிவரை முடியாது. இரண்டு இரண்டாகப் பாருங்கள்.

மனசில் வருகிற படங்களையெல்லாம் துண்டுச் சீட்டில் எழுதுங்கள். நான் பழைய பில் புத்தகத்தைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுதினேன், அது போதும். கச்சான் காற்று அடிக்கிற மாசத்தில் வாசலில் உட்கார்ந்து செய்யாதீர்கள், சீட்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். ஒரு சீட்டைத் தரையில் வையுங்கள். அடுத்ததை எடுத்து, அதற்கு மேலா கீழா என்று முடிவு செய்து வையுங்கள். வரிசை நீண்ட பிறகு புதுச் சீட்டை மேலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டாம், நேராக நடுவில் இருக்கும் படத்தோடு மோதவிடுங்கள். ஜெயித்தால் மேல்பாதியின் நடுப் படம், தோற்றால் கீழ்ப்பாதியின் நடுப் படம், அப்படியே போனால் தன் இடத்தில் போய் நின்றுவிடும். 40 படங்களை ஒன்றுக்கொன்று மோதவிட்டால் 780 மோதல், யாருக்கு நேரம் இருக்கிறது? இந்த முறையில் ஒரு படத்துக்கு அதிகம் போனால் 6 மோதல்தான்.

எதைக் கேட்டு மோதவிடுகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ‘எது உயர்ந்த படம்’ என்று கேட்காதீர்கள். இன்று ராத்திரி வேலை இல்லை, கரன்ட் இருக்கிறது, இரண்டில் ஒன்றைத்தான் பார்க்க முடியும், எதைப் போடுவீர்கள்? யோசிக்காமல் சொல்லுங்கள். யோசிக்க ஆரம்பித்தால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதும் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அண்ணே, நீங்கள் சொன்னபடியே செய்தேன். முதல் படம் இரண்டாவதை ஜெயித்தது, இரண்டாவது மூன்றாவதை ஜெயித்தது, ஆனால் மூன்றாவது முதல் படத்தை ஜெயித்துவிட்டது. இப்போது என்ன செய்ய?

எல்லோருக்கும் நடப்பதுதான். எனக்கு அன்பே சிவம், தேவர் மகன், நந்தா மூன்றும் இப்படிச் சுற்றிச்சுற்றி வந்தன. அந்த மூன்றில் எதை ஒருவர் மட்டமாகப் பேசினால் உங்களுக்குச் சுருக்கென்று கோபம் வருகிறதோ அதை மேலே வையுங்கள். அன்பே சிவத்தை ‘ஓடாத படம்’ என்று என் மச்சான் ஒரு தடவை சொன்னார், அவரோடு ஒரு வாரம் பேசவில்லை.

இத்தனைக்கும் அவர் சொன்னது உண்மைதான். 2003 பொங்கல் சமயத்தில் வந்து தூள் படத்தின் இரைச்சலில் காணாமல் போனது. டிவியில் போடப் போடத்தான் ஆட்கள் சேர்ந்தார்கள். கமல் அதில் போகிற போக்கில் சுனாமியைப் பற்றிப் பேசுவார், அடுத்த வருஷம் டிசம்பரில் நிஜமாகவே வந்தது. இலங்கை குறுக்கே கிடந்ததால் நம் பக்கம் நாகப்பட்டினம் மாதிரிச் சேதம் இல்லை, ஆனாலும் அதற்குப் பிறகு அந்தக் காட்சி வரும்போது எங்கள் வீட்டில் யாரும் சாதாரணமாக உட்கார்ந்து பார்த்ததில்லை.

மகாநதி இல்லை, வீடு இல்லை, பாட்ஷா இருக்கிறது. மகாநதியைவிடப் பாட்ஷா நல்ல படமா?

இல்லை. யார் அப்படிச் சொன்னது?

மகாநதி (1994) எனக்குத் தெரிந்து தமிழில் வந்த மிகப் பெரிய படங்களில் ஒன்று. கல்கத்தாவில் அந்த அப்பா மகளைக் கண்டுபிடிக்கும் இடம் வருகிறதே, அதற்காகவே அதை இனி என்னால் போட முடியாது. மகள் பிறந்த பிறகு சுத்தமாக முடியவில்லை. மரியாதை வேறு, பிடித்தம் வேறு. மரியாதைக்கு இன்னொரு சீட்டு வைத்திருக்கிறேன், அதில் மகாநதி, பாலு மகேந்திராவின் வீடு (1988), விசாரணை, மேற்குத் தொடர்ச்சி மலை (2018) எல்லாம் இருக்கின்றன. அந்தச் சீட்டு வாத்தியார்களுக்குக் காட்ட.

பாட்ஷாவில் தம்பிக்குப் பதிலாகத் தன்னைக் கம்பத்தில் கட்டி அடிக்கச் சொல்லி நிற்கிற மாணிக்கம், பிறகு தங்கச்சி மேல் கை வைத்தவனைத் திருப்பி அடிக்கிற இடம் வரைக்கும் எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குக் கை சும்மா இருக்காது. ‘இன்று ராத்திரி எது’ என்று கேட்டால் பதில் தெரிந்ததுதானே.

இரண்டு சீட்டையும் ஒன்றாக்கப் பார்க்கிறவர்களால்தான் இந்த விளையாட்டே கெட்டுப்போகிறது. பிடித்த படம் கேட்டால் விருதுப் பட்டியலை ஒப்பிக்கிறார்கள்.

சரி, அதற்காக முதலிடத்தில் கரகாட்டக்காரனா? நாயகனுக்கு மேலேயா?

ஆமாம். இந்தக் கேள்வி வராத நாளில்லை, அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

கங்கை அமரன் எடுத்த படம். நடித்தது ராமராஜன், ஜோடியாக வந்த கனகாவுக்கு அது முதல் படம், இசை இளையராஜா. தில்லானா மோகனாம்பாளின் போட்டியும் காதலும் கரகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தால் எப்படி இருக்குமோ அதுதான் கதை, புதுசாக ஒன்றும் இல்லை. நாயகனில் பி.சி.ஸ்ரீராமின் வெளிச்சம் இருக்கிறது, தோட்டா தரணி சென்னையில் கட்டிய தாராவி இருக்கிறது, கமலுக்குத் தேசிய விருது இருக்கிறது. எல்லாம் சரி. ஆனால் சீட்டை எடுத்து மோதவிட்டபோது என் கை ஒவ்வொரு தடவையும் கரகாட்டக்காரன் பக்கம்தான் போனது.

ஏன்? எனக்குத் தெரிந்து மூன்று தலைமுறையும் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒரே இடத்தில் சிரிக்கிற படம் வேறு இல்லை. வாழைப்பழக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பழம் வாங்கக் காசு, கையில் வந்தது ஒன்று, இன்னொன்று எங்கே என்றால் இதுதான் அது என்கிறார் செந்தில். அவ்வளவுதான் விஷயம். ஆனால் கவுண்டமணியின் கோபம் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை, கவனித்துப் பாருங்கள். முதலில் பொறுமையாகக் கேட்கிறார், அப்புறம் நியாயம் பேசுகிறார், அப்புறம் பக்கத்தில் இருப்பவரைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார், அதற்கப்புறம்தான் கை நீளுகிறது. செந்தில் முகத்தில் கடைசிவரை ஒரு மாற்றமும் இல்லை, உண்மையைத்தானே சொல்கிறேன் என்கிற முகம். இதை எழுதிவிடலாம், இருவரும் நடித்த அந்த நேரக்கணக்கை இன்னொருவர் திரும்பச் செய்யவே முடியாது. காரைத் தள்ளிக்கொண்டு வரும் காட்சிக்கு எங்கள் பாட்டி சிரித்த சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேட்கும்.

செந்தில் நம்ம மாவட்டம் என்பதால்தானே?

முதுகுளத்தூர் பக்கம் இளஞ்செம்பூர்க்காரர் என்பது நமக்குப் பெருமைதான், மறைக்கவில்லை. கமல் பரமக்குடி, ராஜ்கிரண் கீழக்கரை. இந்த மூன்று பேரை எடுத்துவிட்டால் என் பட்டியலில் பாதிதான் மிஞ்சும். ஊர்ப் பாசத்துக்கு மார்க் போடவில்லை, வேண்டுமானால் நீங்கள் கழித்துக்கொள்ளுங்கள்.

கடற்கரையில் இருந்துகொண்டு கடல் படம் ஏன் இவ்வளவு குறைவு?

கடற்கரையில் இருப்பதால்தான். மற்றவர்களுக்கு அழகாகத் தெரிவது நமக்குத் தப்பாகத் தெரியும். படத்தில் கதாநாயகன் சாயங்காலச் சூரியனுக்கு முன்னால் தனியாக நின்று வலை வீசுவான். நம்மூர் விசைப்படகு காலையில் மீன்துறையில் டோக்கன் வாங்கிக்கொண்டு, டீசலும் ஐஸும் ஏற்றிக்கொண்டு போய், ராத்திரி முழுக்க வலையை இழுத்துவிட்டு மறுநாள் காலை திரும்பும். வாரத்தில் மூன்று நாள்தான் போகவே முடியும். திரும்பி வரும்போது டீசல் கடன் அடையுமா என்பதுதான் பேச்சு. இதைக் காட்டிய தமிழ்ப் படத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

நீர்ப்பறவை (2012) நல்ல மனசோடு எடுத்த படம், கடலில் சுடப்பட்டுச் சாகிறவர்களைப் பற்றிப் பேசிய துணிச்சலுக்குச் சீனு ராமசாமிக்கு ஒரு வணக்கம். ஆனால் எடுத்தது தூத்துக்குடிப் பக்கம் மணப்பாட்டில், அடுத்த வருஷம் வந்த கடல் படத்திலும் அதே ஊர் வருகிறது. மணப்பாட்டின் மணல்மேடும் அலையும் பார்க்க அருமை, ஆனால் நம் வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) அப்படி இருக்காது, ஆழமில்லாமல் குளம் மாதிரிக் கிடக்கும். பிரச்சினை நம்முடையது, கடல் அவர்களுடையது. பாம்பன்காரனிடம் படத்தைக் காட்டிப் பாருங்கள், இது வடகடலும் இல்லை, நம்ம தென்கடலும் (மன்னார் வளைகுடாப் பக்கம்) இல்லை என்று முதல் காட்சியிலேயே சொல்லிவிடுவான்.

நந்தா அந்தச் சோதனையில் தேறிய படம். அது ராமேஸ்வரம்தான், வெயிலும் உப்பும் முகத்தில் தெரியும். அகதிகள் வந்து இறங்கும்போது ராஜ்கிரண் நிற்கிற நிற்பில் நடிப்பே இருக்காது, ஊர்ப் பெரியவர் ஒருவர் நிற்பார். கன்னத்தில் முத்தமிட்டால் பத்தாவது இடத்துக்கு வந்ததும் அந்தக் கரையால்தான். ராமேஸ்வரத்துக்குப் படகில் வந்து, அகதி முகாமில் பிள்ளை பெற்று, பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்பிப் போகிற சியாமாவை நந்திதா தாஸ் எவ்வளவு குறைவாகப் பேசி நடித்திருக்கிறார். மற்ற ஊர்க்காரர்களுக்கு அது மாதவன், சிம்ரன், ரஹ்மான் படம். மண்டபம் முகாமைத் தாண்டித் தினமும் பஸ்ஸில் போகிறவனுக்கு அந்த முதல் பகுதிதான் படம். முகாமில் இருக்கும் நண்பர் ஒருவர் இதுவரை அதை முழுதாகப் பார்த்ததில்லை, டிவியில் வந்தால் எழுந்து போய்விடுவார்.

வருஷத்துக்கு ஒரு படம் என்று எடுத்தால் எளிதாக இருக்காதா?

முயற்சி செய்தேன். 1992-ல் அண்ணாமலை, ரோஜா, தேவர் மகன் மூன்றில் ஒன்று. 1991 தீபாவளிக்குத் தளபதியும் குணாவும் ஒரே நாளில். இதையெல்லாம்கூடச் சமாளித்துவிடலாம். 2018-க்கு வாருங்கள். ஆகஸ்ட் கடைசிக்கும் அக்டோபருக்கும் நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை, பரியேறும் பெருமாள், 96, ராட்சசன், வட சென்னை. அப்போதே கைவிட்டேன். சில வருஷங்களுக்கோ சும்மா பேருக்கு ஒன்றை எழுத வேண்டியிருக்கும்.

மலையாளம், இங்கிலீஷ் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். மணிச்சித்ரத்தாழையும் (1993) சந்திரமுகியையும் (2005) இரண்டு படமாகவே எண்ணுங்கள். மஞ்ஞும்மல் பாய்ஸ் பார்த்துவிட்டுக் குணாவை மேலே ஏற்றியவர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள், அதுவும் தப்பில்லை.

பாட்டுக்காக ஒரு படத்தை மேலே தூக்கலாமா?

பாட்டைத் தனியாகக் கேட்க முடியும். படத்தைப் போட்டால் பாட்டு வந்ததும் நிறுத்திவிடுவீர்கள் என்றால் அது படப் பட்டியலில் எதற்கு?

வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து ஒரே பட்டியல் போடலாமா?

வேண்டாம்.

பட்டியலை எப்போது மாற்றலாம்?

எங்களுக்குத் தடைக்காலம்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. படகு கரையேறிக் கிடக்கும், ஒரு பக்கம் பெயின்ட் அடிப்பார்கள், ஒரு பக்கம் கிழிந்த வலையைச் சரிபண்ணுவார்கள், வாய் சும்மாதான் இருக்கும். அப்போது சீட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஆள் சேர்ந்துவிடும். மற்ற மாசங்களில் தொடாதீர்கள். புதுப் படம் பார்த்துவிட்டு வந்த ராத்திரியே வரிசையை மாற்றுகிறவனுக்குப் பத்து வருஷத்தில் பத்து முதலிடம் இருக்கும்.

கடைசி சில வருஷத்துப் படம் ஒன்றுகூட இல்லையே, புதுப் படமே பிடிக்காதா?

பிடிக்கும். வெளிவந்து மூன்று வருஷம் ஆகாத படத்தைச் சேர்ப்பதில்லை என்று எனக்கு நானே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு, நீங்கள் பின்பற்ற வேண்டியதில்லை. 2024-ல் வந்த வாழை, லப்பர் பந்து, மெய்யழகன் மூன்றுக்கும் சீட்டு எழுதித் தனியாக வைத்திருக்கிறேன். லப்பர் பந்து வந்தால் காக்கா முட்டையோ கன்னத்தில் முத்தமிட்டாலோ வெளியே போக வேண்டியிருக்கும், அதைப் பற்றி முன்கூட்டியே சண்டை போட விரும்புகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், மற்ற நாளில் எனக்கு வேலை இருக்கிறது.